வெள்ளைத் துணியில் நின்ற வரவேற்புக் குழு

போன ஞாயிற்றுக்கிழமை, கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் ஆற்றோரப் புல்வெளி ஒன்றில், ஒரு மனிதரை அவருடைய சொந்தக்காரர்களே கொல்லப் பார்த்தார்கள். கையில் பூமாலையோடு.

மிகைப்படுத்தவில்லை. என் கண்ணால் கண்டதை மட்டுமே எழுதுகிறேன்.

கண்டிக்கு ஏரோப்ளேன் வந்திருக்கும் செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும். டிக்கெட் வாங்கினால் ஒரு தடவைக்கு ஒருவரை ஏற்றி, ஊரையும் குளத்தையும் மேலிருந்து காட்டிவிட்டு இறக்கிவிடுகிறார்கள். பிரயாணி முன்னால், பைலட் பின்னால். தலைக்கு மேல் கூரை கிடையாது.

மேலே இருக்கும் பைலட்டுக்கு எங்கே இறங்குவது என்று தெரிய வேண்டுமே? அதற்காகப் புல்வெளியின் நடுவில் நீளமாக வெள்ளைத் துணி விரித்து, மூங்கில் முளைகளால் இறுக்கியிருந்தார்கள். துணி யாருடையது? டவுன் சலவைக்காரர் முத்தையாவுடையது. வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கல்யாணங்களிலும் ஊர்வலங்களிலும் பெரிய மனிதர் நடந்து வர அவர் விரிக்கிற அதே பாவாடைத் துணி!

காலையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ரோட்டுப் பக்கம் கயிறு கட்டியிருந்தது. ஜனங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள்.

பிற்பகல் மூன்று மணியளவில் காதர் ஹாஜியார் ஏறினார். மடவளையில் கராம்பும் மிளகும் வாங்கி விற்கிறவர். அறுபதைத் தாண்டியவர்.

"மக்காவுக்குக் கப்பல்ல போய் வந்த ஆள் நான். இது பத்து நிமிஷம். பயமெல்லாம் இல்ல தம்பி," என்றார் என்னிடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த பெல்ட்ட மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கச் செல்லுங்க."

இறுக்கினார்கள். ஏரோப்ளேன் கிளம்பிப் போனது.

அது போன பிறகுதான் மடவளை பஸ் வந்தது. அதிலிருந்து ஹாஜியாரை வரவேற்க இருபது பேர், கையில் பூமாலையோடு, றபான் மேளம் கொட்டிக்கொண்டு, ரோட்டுப் பக்கம் வராமல் வயல் வரப்பு வழியாகப் புல்வெளியின் மறுபக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பக்கம் கயிறு இல்லை. யாராவது வரப்பு வழியாக வருவார்கள் என்று ஏற்பாட்டாளர்களுக்குத் தோன்றவே இல்லை போலும்.

முன்னால் வந்தவர் ஹனீபா, ஹாஜியாரின் மனைவியுடைய தம்பி. எனக்குத் தெரிந்தவர். விசாரிக்கலாமென்று சுற்றிக்கொண்டு போனேன்.

"பாருங்க, மச்சானுக்குப் பாவாடையெல்லாம் விரிச்சி ஈக்கிறாங்க! என்ன மரியாதை!" என்றார்.

"அது மரியாதைக்கு இல்லை. ஏரோப்ளேன் இறங்குகிற இடத்துக்கு அடையாளம்," என்றேன்.

"அப்ப சரிதானே? மச்சான் எறங்குற எடத்துலதானே நாங்க நிக்கோணும்?"

நான் கயிற்றுப் பக்கம் கையைக் காட்டுவதற்குள் இருபது பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டிரண்டு பேராகத் துணியின் மேல் ஏறி நின்றுவிட்டார்கள். றபான் இன்னும் பலமாக ஒலித்தது.

ஏரோப்ளேன் இறங்கும்போது பைலட் என்ஜினை அடக்கிவிடுவார். சத்தமே இருக்காது. அன்றைக்கும் அப்படித்தான்... நான் நிமிர்ந்து பார்த்தபோது அது தென்னை உயரத்தில் இருந்தது. போலீஸ்காரர் விசில் ஊதினார். ஏரோப்ளேன் மெக்கானிக் இரண்டு கையையும் வீசிக்கொண்டு கத்தினார். றபானுக்கு முன் எது கேட்கும்?

வரிசையில் சிலர் அண்ணாந்து பார்த்தார்கள். பார்த்தும் நகரவில்லை. கையைத் தூக்கி சலாம் சொன்னார்கள்!

திடீரென்று என்ஜின் அலறியது. மூக்கு மேலே எழும்பியது. ஹனீபாவின் தொப்பி கழன்று புல்லில் உருண்டது. சக்கரம் தட்டியதா, காற்றுத் தட்டியதா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. புல்வெளி முடிகிற இடத்தில் கித்துல் மரங்கள். அவற்றின் உச்சியில் ஓலைகள் ஆடியதைப் பார்த்தேன். ஏரோப்ளேனைக் காணவில்லை.

மரங்களுக்கு அப்பால் மகாவலி.

எத்தனை நேரம் என்று கணக்கில்லை. பிறகு, ஆற்றுக்கு மேலே, ஒரு பக்கம் சாய்ந்தபடி அது ஏறுவது தெரிந்தது.

இனியாவது புத்தி வரும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன்.

"ஹாஜியார் சலாம் போட்டுட்டுப் போறாரு!" என்று ஒருவர் கூவினார். கைதட்டல். ரோட்டுப் பக்கம் நின்றவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. கயிற்றுக்குக் கீழே குனிந்து ஓடிவரத் தொடங்கினார்கள். மெக்கானிக் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பாரம் குறையட்டும் என்று பெட்ரோல் அளந்துதான் ஊற்றியிருக்கிறதாம். இன்னும் ஒரு சுற்று. அதற்கு மேல் தாங்காது.

அப்போது முத்தையா பக்கத்தில் வந்து நின்றார்.

"விசில் ஊதுனா இவங்க போக மாட்டாங்கய்யா. துணியச் சுருட்டுனா தானா போயிருவாங்க."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துணியின் ஒரு முனைக்குப் போய், முளைகளைப் பிடுங்கி, கல்யாண வீட்டில் சுருட்டுவதுபோலவே நிதானமாகச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏன் சுருட்டுற?" என்று ஹனீபா அதட்டினார்.

"எறங்குற வாசல் மாறிப்போச்சுங்க. அந்தக் கயித்துக்கு அந்தாண்ட. சீக்கிரம் போங்க, மத்தவங்க முன்னால நின்னுக்குவாங்க."

றபான் முன்னால் போக, வரிசை குலையாமல் போனார்கள். ஓடிவந்த கூட்டமும் கொட்டுச் சத்தத்தின் பின்னாலேயே திரும்பிப் போய்விட்டது. போலீஸ் சொல்லிக் கேட்காதவர்கள், துணிக்காரர் சொன்னால் கேட்கிறார்கள். சடங்கு எப்போது முடிகிறது என்று அவருக்குத்தானே தெரியும்!

அடையாளம் இல்லாத புல்லில் ஏரோப்ளேன் இறங்கியது. இரண்டு தடவை குதித்தது. ஓடி நின்றது. முன்னாலிருந்த சுழலி மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

கயிற்றைத் தாண்டி ஒருவர் மாலையோடு ஓடினார். ஹனீபாதான். நேர் முன்னாலிருந்து, சுழலியை நோக்கி.

"நில்லுங்க மச்சான்! கிட்ட வராதீங்க!" ஹாஜியார் எழுந்திருக்கப் பார்த்தார். பெல்ட் விடவில்லை. "ஊட்டுல ஈக்கிற ஒங்கட ராத்தாவுக்கு நான் என்னண்டு பதில் செல்ற!"

ஹனீபா நின்றார். சுழலிக்கு நான்கு எட்டுத் தூரம் இருக்கும். அவர் கையிலிருந்த மாலையின் ரோஜா இதழ்கள் சில பிய்ந்து, பறந்து, சுழலிக்குள் போயின. மறுபக்கம் இதழாக எதுவும் வரவில்லை.

அன்று இரவெல்லாம் எனக்கு அந்த இதழ்கள்தான்.

நம்மைச் சொல்ல வேண்டும். கண்டி ரயில் ஸ்டேஷனில் கோச்சி நிற்கும்வரை யார் பொறுக்கிறோம்? ஓடுகிற பெட்டியோடு கூடவே ஓடி, கதவைப் பிடித்து, உள்ளே இருக்கிறவர் இறங்குமுன் நாம் ஏறி... தள்ளி நின்று வரவேற்றால் அன்பு குறைந்துபோகும் என்று யார் நமக்குச் சொன்னது? இதே பழக்கத்தோடு நாளைக்கு ஏரோப்ளேன் தினமும் வந்து இறங்கினால் என்ன ஆகும்? கயிறு கட்டுகிறவர்கள் நான்கு பக்கமும் கட்ட வேண்டும், சரி. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டியவர்கள்?

சுழலி நின்ற பிறகு ஹாஜியாரை இறக்கினார்கள். புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குடித்து மூச்சு வந்ததும், மேலே ரொம்பப் பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

"மேல என்ன பயம் தம்பி? மேல எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லியே!"