பீப்பாயில் கரைத்த குளிசைகள்

பிலோமினாவின் பாத்தியைக் கெடுத்தவன் நான். அவளல்ல, அவள் தூவிய சாம்பலுமல்ல... நான்!

இதை மொன்றியலில் ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல வாய் வருகிறது.

ஊரில் நான் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். இங்கே புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கி ஓய்வு பெற்றேன். ஆனாலும் கோட்-டெ-நெய்ஜில் எங்கள் கட்டடங்களுக்குப் பின்னால் உள்ள பொதுத் தோட்டத்தில், ஒரு தக்காளி இலை சுருண்டால்கூடத் தமிழ்ச் சனம் என்னிடம்தான் ஓடி வரும். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது.

பிலோமினா மன்னாரிலிருந்து வந்தவள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. என் பாத்தியை ஒட்டியது அவளுடைய பாத்தி. இரண்டுக்கும் நடுவே ஒரே தண்ணீர்ப் பீப்பாய். அவள் பயற்றங்காய் போட்டாள், நான் கத்தரி.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு என் கத்தரி வாடத் தொடங்கியது. ஊரில் கண்ட பக்டீரியா வாடல்தான் என்று பார்த்தவுடனேயே முடிவு கட்டினேன். தண்டை வெட்டித் தண்ணீரில் நிறுத்தினால் பால் போல ஏதும் வடிகிறதா என்று பார்க்கலாம்; வடிந்தால்தான் பக்டீரியா. எத்தனையோ கமக்காரருக்கு நானே சொல்லிக் கொடுத்த சோதனை அது! நான் செய்யவில்லை. போதனாசிரியருக்கு எதற்குச் சோதனை?

எங்கள் வீடுகளில் ஒரு பிஸ்கட் ரின் இருக்கும். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஊருக்குப் போனால் அன்டிபயோட்டிக் குளிசை வாங்கி வருவோம், இரண்டு நாள் விழுங்குவோம், மிச்சத்தை அதற்குள் போட்டு வைப்போம். என் வீட்டு ரின் நிறைந்து கிடந்தது. குளிசைக் கூடுகளைப் பிரித்து மருந்தைப் பீப்பாயில் கரைத்தேன். வாரம் ஒரு தடவை, இரண்டு கோடைகள். பிலோமினாவிடம் சொல்லவில்லை. அவளும் அதே தண்ணீரைத்தான் அள்ளி ஊற்றினாள்.

இரண்டாவது கோடையில் அவளுடைய கொடிகள் மஞ்சளாகிப் போயின. அந்தத் தண்ணீர் போகாத மறுகோடியில், ஒரு பிலிப்பைன்ஸ்காரியின் பயற்றங்கொடிகள் பச்சைப்பசேலென்று நின்றன. பிலோமினா இல்லாத நேரம் ஒரு கொடியைப் பிடுங்கிப் பார்த்தேன். பயற்றங்கொடி வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்க வேண்டும். காற்றிலிருந்து செடிக்கு உரம் பிடித்துக் கொடுக்கும் பக்டீரியாக்கள் அவற்றுக்குள்தான் குடியிருக்கின்றன. இந்த வேரில் ஒன்றுகூட இல்லை. வெறும் நூல் போல இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது...

அன்று பின்னேரம் வேலை உடுப்போடு வந்தாள். "அண்ணை, இதுக்கு என்ன வருத்தம்? நான் என்ன பிழை விட்டனான்?"

"சாம்பல் அளவுக்கு மிஞ்சிப் போட்டிட்டீர், பிள்ளை," என்றேன்.

ஏன் சொன்னேன்? வெட்கம்! வேறொன்றுமில்லை. எனக்கென்று இங்கே மிஞ்சியிருந்த மரியாதையை விட மனம் வரவில்லை.

மாற்று வழியும் எனக்குத் தெரியும். பயற்றங்கொடி நன்றாக வளரும் பாத்தியிலிருந்து ஒரு வாளி மண் எடுத்துக் கலந்தால் அந்த உயிர்கள் திரும்பக் குடியேறும். ஒரே ஒரு வாளி! சொன்னால், இருந்தவை எப்படிச் செத்தன என்று கேட்பாள். அதனால் அதையும் மறைத்தேன்.

அந்த இலையுதிர்காலத்தில் பிலோமினா பாத்தியை விட்டுக்கொடுத்தாள். "ஆஸ்பத்திரியும் வீடும் இல்லாத ஒரே இடம் எனக்கு இதுதான் அண்ணை. என்ர கைக்கு மண் சரிவராது போல," என்று மிஞ்சிய விதையை என் கையில் வைத்தாள். மன்னாரிலிருந்து வந்த விதை.

பக்கத்துப் பாத்தி என்பதால் எனக்கே கிடைத்தது. வசந்தம் வந்ததும் முதல் வேலையாக அந்தப் பிலிப்பைன்ஸ்காரியிடம் ஒரு வாளி மண் கேட்டு வாங்கினேன்.

அந்தக் கோடையில் கத்தரி மறுபடியும் வாடியது. தோட்டத்துக்கு ஆலோசனை சொல்ல வரும் கியூபெக் பெண் தண்டைப் பிளந்து பார்த்துவிட்டு, இது பூஞ்சண நோய் என்றாள். பூஞ்சணத்தை அன்டிபயோட்டிக் ஒன்றும் செய்யாது. அப்படியானால் நான் எதற்காக அந்த மண்ணைக் கொன்றேன்?

போன ஞாயிறு பூசை முடிந்து தோட்டப் பக்கம் வந்த பிலோமினாவுக்கு ஒரு கட்டுப் பயற்றங்காய் கொடுத்தேன். அவளுடைய விதை, அவளுடைய பாத்தி.

"உங்கட கைராசிதான் அண்ணை!" அவள் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "வாற வருசம் எனக்கு ஒரு பாத்தி கேட்டுப் பாப்பியளோ? இந்தமுறை ஒரு பிடி சாம்பலும் போடமாட்டன்."

"பாப்பம், பிள்ளை," என்றேன்.

பாத்தி இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது.