போர் ஏன் மூளுகிறது என்று படிப்பித்தவன்

எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் ஒரு பாடசாலையில் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புக்கு அரசியல் பாடம் எடுக்கப் போனேன். முதல் நாளே அதிபர் கூப்பிட்டார்.

"சர்வதேச அரசியல் பகுதிய இஞ்ச ஒருத்தரும் படிப்பிக்கிறல்ல மாஸ்டர். யுத்தம் ஏன் வருது, நாடுகள் ஏன் அடிபடுது, அதுதான். கேள்வி கட்டாயம் வரும். நீங்க எடுங்க."

தமிழில் புத்தகம் இல்லை. இங்கிலீஷ் படிப்பித்த செல்வராசா மாஸ்டர்தான் கைகொடுத்தார். கல்முனையில் மெதடிஸ்ட் குடும்பத்துத் தமிழர். யாரிடமோ இரவல் வாங்கிய ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தை அவர் வாசித்து விளக்குவார், நான் தமிழில் எழுதுவேன். பள்ளி விட்ட பிறகு ஸ்டாஃப் ரூமில் இப்படி ஒரு வருடம் இருந்தோம்.

ஒரு அத்தியாயத்துக்கு அதிக நாள் எடுத்தது. சண்டை பிடிக்க விரும்பாத இரண்டு நாடுகள் எப்படிச் சண்டைக்குப் போகின்றன என்பது. ஒரு நாடு பயத்தில் ஆயுதம் சேர்க்கும். அதைக் கண்டு மற்ற நாடு பயந்து தானும் சேர்க்கும். இதற்குப் 'பாதுகாப்புச் சிக்கல்' என்று பெயர் போட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நூலுக்கு வாறதுதான் மாஸ்டர் சிக்கல். மனுசனுக்கு வாறது இக்கட்டு."

'பாதுகாப்பு இக்கட்டு' என்றே றோணியோவில் பிரதி அடித்தோம். அக்கரைப்பற்றிலிருந்தும் பிள்ளைகள் அந்த நோட்ஸ் கேட்டு வந்தார்கள். பேர் எனக்குத்தான் வந்தது. அவருக்கும் அதில் பங்கு உண்டென்று நான் யாருக்கும் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஊர் கெட்டுப் போனது. தமிழ் ஆக்களின் தெரு ஒழுங்கைக்குள் முஸ்லிம்களான நாங்கள் போவதில்லை. எங்கள் ஒழுங்கைக்குள் அவர்கள் வருவதில்லை. எங்காவது ஒருவர் வெட்டுப்பட்டால் அடுத்த நாள் பள்ளி பூட்டு.

வேளாண்மை வெட்டுக் காலம், வயலெல்லாம் நெல் அறுப்பு. ஒரு நாள் பள்ளியை நேரத்தோடு விட்டார்கள். மதியம் லுஹர் தொழுகை நேரம் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தேத்தண்ணிக் கடை ஆதம்பாவாக் காக்கா றோட்டுக்கு வந்து மறித்தார்.

"மாஸ்டர், கிட்டங்கிப் பக்கத்தால உழவு மெசின்ல தமிழ் ஆக்கள் வாறானுகளாம். கத்தி பொல்லோட."

"ஆரு கண்ட?"

"எல்லாரும் கதைக்காங்க."

கிட்டங்கி வீதியில்தான் என் வீடு. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கே. வீதிச் சந்திக்கு மிதித்தேன். எங்கள் ஆக்கள் பத்திருபது பேர் அதே கதையோடு கூடி நின்றார்கள். அவர்களில் வயதான ஒருவர் கேட்டார்:

"மாஸ்டர், நீங்க கண்டீங்களா?"

கேள்விப்பட்டேன் என்று சொல்லியிருந்தால் முதலில் ஒருவனை அனுப்பிப் பார்த்திருப்பார்கள். அது எனக்குத் தெரியும். அதற்குள் என் வீட்டுக்கு வந்துவிடுவார்களே என்று நினைத்தேன்.

"ஓம், கண்டன். மெசின் நெறய ஆக்கள்" என்றேன்.

"மாஸ்டர் பொய் சொல்ல மாட்டார்" என்று யாரோ சொன்னார்கள். வீதிக்குக் குறுக்கே மரம் போட ஓடினார்கள்.

நான் வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் மெசின் சத்தம் கேட்டது. பிறகு கூச்சல், கல் விழுகிற சத்தம், ஒரு ஆள் கத்துகிற சத்தம். நான் வெளியே போகவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மச்சான் வந்து சொன்னான். மெசின் இழுத்துவந்த பெட்டியில் இருந்தது நெல் மூட்டை. ஆக்கள் வெட்டுக்குப் போய்த் திரும்பிய கூலியாட்கள். கத்தி என்றது அரிவாள். மூட்டைக்கு மேல் குந்தியிருந்து வந்தவர் செல்வராசா மாஸ்டர்.

கிட்டங்கிக்கு அப்பால் நாவிதன்வெளியில் அவர் மனைவிக்குச் சீதனக் காணி இருந்தது. வெட்டுக்கு லீவு போட்டுப் போயிருந்தார். அந்த லீவுக் கடிதத்தை அதிபரிடம் கொடுத்ததே நான்தான். ஒரு நிமிசம் நின்று யோசித்திருந்தால் நினைவு வந்திருக்கும்.

கல் அவருடைய வலது கண்ணில் பட்டிருந்தது. எங்களிடம் படித்த ஒரு தையல்காரன் ஆளை அடையாளம் கண்டு, "டேய், இது எங்கட இங்கிலீஷ் மாஸ்டர்டா" என்று குறுக்கே விழுந்திராவிட்டால் உயிரும் போயிருக்கும்.

ஒரு கிழமை கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணில் கட்டு. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த நேரத்திலயும் வந்தீங்களே மாஸ்டர். உங்களுக்கும் பயம் இருக்கும்தானே."

கட்டிலுக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தேன்.

"ஆரோ ஒராள் கண்டதெண்டு சொன்னவராம். என்னத்தக் கண்டாரோ தெரியா."

"தெரியா மாஸ்டர்" என்றேன்.

அவர் மனைவி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தா. முதல் சுளையை எனக்குத்தான் நீட்டினா. வாங்கித் தின்றேன்.

அந்தக் கண் பிறகு தெரியவே இல்லை. இடமாற்றம் எடுத்து மட்டக்களப்புக்குப் போனார். நான் ஓய்வு பெறும் வரை அதே பாடத்தைப் படிப்பித்தேன். பிள்ளைகளுக்குப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வாங்கிக் கொடுத்தேன். அவருக்குக் கடிதம் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். ஒன்றும் தபாலுக்குப் போகவில்லை. அவர் இறந்த செய்தியும் எனக்குப் பிந்தித்தான் கிடைத்தது.

புதிதாக இந்தப் பாடத்தை எடுக்க வருகிற ஆசிரியர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. படித்தவன் சொன்னால் ஊர் சோதித்துப் பார்க்காது. அதனால் காணாததைக் காணவில்லை என்று சொல்ல வேண்டிய கடமை மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம். பயத்தில் சொன்னேன் என்பது உண்மை. அந்த மரத்தைப் போட்டவர்களும் பயத்தில்தான் போட்டார்கள். ஆனால் அவர்கள் என்னை நம்பிப் போட்டார்கள்.