கார் ஷெட்டுக்குத் தரை போட்ட வள்ளிக்கண்ணு

வள்ளிக்கண்ணுவின் பையில் மூன்று வருஷமாக ஒரு கரண்டி இருந்தது. சோறு பரிமாறுகிற கரண்டி இல்லை, கொத்தனார் கலவை பூசுகிற கரண்டி. பெரிய கடைவீதியில் வாங்கியது. சாப்பாட்டுத் தூக்குக்கும் வெற்றிலைப் பைக்கும் அடியில் வைத்து, மேலே பழந்துணி போட்டு மூடி, தினமும் வேலைக்குச் சுமந்துகொண்டு போவாள். ஒரு நாளும் வெளியே எடுத்ததில்லை. எடுத்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

திருச்சி புத்தூர் நால்ரோட்டில் காலையில் வேலைக்கு ஆள் கூட்டிப்போக வருவார்கள். கொத்தனார்கள் டீக்கடைப் பக்கம் நிற்பார்கள், கரண்டிப் பிடி பைக்கு வெளியே தெரிகிற மாதிரி. சித்தாள் பெண்கள் எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியில் இரும்புச் சட்டியோடு நிற்பார்கள். நடுவில் இருப்பது ஒரு ரோடு, அவ்வளவுதான். மருங்காபுரிப் பக்கம் மழை பொய்த்த வருஷம் பிழைப்புக்கு வந்தவள் வள்ளிக்கண்ணு. பதினோரு வருஷத்தில் கரண்டியோடு அந்த ரோட்டைத் தாண்டிய பெண் ஒருத்தியையும் அவள் பார்த்ததில்லை. தான் ஒரு நாள் தாண்டிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட.

அவள் வேலை பார்த்தது தாஜுதீன் கொத்தனாரிடம். காவித்தூள் கலந்து சிமெண்டுத் தரை போடுவதில் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அவருக்கு நல்ல பேர். தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்பார்கள். கலவையைத் துணியில் சலித்ததும், நிறம் பிசகாமல் கலந்ததும், முட்டி தேயத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றியதும் வள்ளிக்கண்ணுதான். பேர் அவருக்கு, முட்டிவலி இவளுக்கு. ஆனால் தாஜுதீன் கெட்ட மனிதர் இல்லை. அவள் பையில் கரண்டி இருப்பது அவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்.

அறுபத்து நாலாம் வருஷம், புத்தூரில் ரைஸ்மில்காரர் சின்னையன் வீடு கட்டினார். வீடு முடிகிற சமயத்தில் அம்பாசடர் கார் ஒன்றும் வாங்கிவிட்டதால், பக்கவாட்டில் அதற்கு ஒரு ஷெட் எழும்பியது. அதற்குள் தாஜுதீனுக்குத் திருவெறும்பூர்ப் பக்கம் குவார்ட்டர்ஸ் கட்டுகிற வேலை வந்து, அவர் அங்கே போய்விட்டார். மாடிக்கும் ஷெட்டுக்கும் தரை பாக்கி. ஷெட்டை வள்ளிக்கண்ணு போடட்டும், பழுது வந்தால் நான் வந்து உடைத்துப் போட்டுத் தருகிறேன் என்று தாஜுதீன் சொல்லி அனுப்பினார். சின்னையன் ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில், கார் நிற்கிற இடம்தானே, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று சம்மதித்தார். இது நன்றாக அமைந்தால் மாடியைப் பற்றிப் பேசலாம் என்றும் சொன்னார். வள்ளிக்கண்ணு கரண்டியை வெளியே எடுத்தாள்.

எந்தத் தரை என்பதில் முதல் தகராறு. சின்னையனின் சம்சாரம் காளியாயிக்குப் பூப்போட்ட மொசைக் வேண்டும். சின்னையனுக்கு ஹாலில் இருப்பது போல வழுவழுப்பான சிவப்பு வேண்டும். கார் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளப் போகிறதா என்று வள்ளிக்கண்ணு மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். வாயால் சொன்னது வேறு. மழையில் நனைந்து வருகிற டயர் வழுவழுப்பில் சறுக்கும், மொசைக் சில்லு பாரத்தில் விரியும், எண்ணெய் சொட்டினால் இடுக்கில் இறங்கிவிடும் என்றாள். சிவப்பே போடுவோம், ஆனால் சக்கரம் ஓடுகிற இரண்டு பட்டையிலும் கோடு கிழித்துச் சொரசொரப்பாக விடுவோம், தண்ணீர் வாசல்பக்கம் ஓட வாட்டம் கொடுப்போம் என்றாள். சின்னையனுக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பெண்பிள்ளை சொல்லி ஒத்துக்கொள்கிறோமே என்பதுதான் கொஞ்சம் உறுத்தியது.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இரண்டு நாள் இடித்தார்கள். அதன்மேல் சிமெண்டுக் கலவை. அதற்கும் மேலே காவிப் பூச்சு. காவியைப் பாதிப் பாதியாகக் கலந்தால் நிறம் ஒன்றுக்கொன்று சேராது. அதனால் முழு ஷெட்டுக்கும் தண்ணீர் விடாமல் ஒரே தடவையில் கலந்து வைத்துக்கொண்டு, விடிந்ததும் உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்தாள். மத்தியானம் சாப்பிடக்கூட எழவில்லை. மறுநாள் சுற்றிலும் களிமண் வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கினாள். வரப்பை எடுத்த பிறகு தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். இருபத்தொரு நாள் கார் ஏறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள், அவர்களும் கேட்டார்கள். ஷெட் செக்கச் செவேலென்று இருந்தது. அவளுக்கு அதை விட்டுப் போகவே மனமில்லை.

அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. எந்த வீட்டுச் சமையலறையில் தரை போட்டாலும், புளி, மோர், எலுமிச்சை மேலே படக் கூடாது, பட்டால் சிமெண்டை அரித்துவிடும் என்று நாலு தடவை சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். ஷெட்டில் யார் ரசம் வைக்கப் போகிறார்கள்? சொல்லவில்லை.

இருபத்திரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. காரைச் சமயபுரத்துக்கு ஓட்டிப்போய்ப் பூஜை போட்டு, அம்மன் காலடியில் வைத்த நாலு எலுமிச்சம்பழத்தை வாங்கி வந்தார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். ஷெட்டுக்குள் காரை ஏற்றியதும், காளியாயி தன் கையாலேயே நாலு சக்கரத்துக்கு முன்னாலும் பழத்தை வைத்தாள். டிரைவர் ஒரு சாண் நகர்த்தினான். பழங்கள் நசுங்கின. அம்மன் பழத்தைப் பெருக்கித் தள்ள யாருக்கும் மனம் வரவில்லை, மூன்று நாள் அப்படியே கிடந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் வள்ளிக்கண்ணுவுக்கு ஆள் வந்தது. போய்ப் பார்த்தால், சிவப்புத் தரையில் வெளிறிப்போன நாலு வட்டம், தேமல் விழுந்த மாதிரி. சின்னையன் கத்தவில்லை. தாஜுதீன் போட்ட ஹால் எப்படி இருக்கிறது, இது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். காளியாயி கொஞ்சம் சத்தமாகவே, "அப்பவே சொன்னேன், இவ போட்டா இப்படித்தான் ஆகும்னு" என்றாள்.

வள்ளிக்கண்ணு குனிந்து ஒரு வட்டத்தை விரலால் தடவினாள். விரலை மோந்து பார்த்தாள். விஷயம் உடனே புரிந்துவிட்டது. அம்மன் பழம் தரையைக் கெடுத்தது என்று அந்த வீட்டுக்குள் நின்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் போனால் கரண்டியைத் தூக்கிப்போட வேண்டியதுதான். காளியாயியை நிமிர்ந்து பார்த்து, "அடுப்படியிலேருந்து ஒரு எலுமிச்சம்பழம் கொண்டாரச் சொல்லுங்கம்மா. கோயில் பழம் வேணாம், கடையில வாங்குனதா இருக்கட்டும்" என்றாள்.

பழம் வந்தது. கதவுக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் அதைப் பிழிந்தாள். வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம் கழித்து ஈரத்துணியால் துடைத்தாள். நாலு வட்டம் ஐந்தாயிற்று.

"பழத்து மேல குத்தமில்லீங்க. புளிப்பு எதுவா இருந்தாலும் சிமெண்டுக்கு ஆவாது. அடுப்படின்னா சொல்லியிருப்பேன், இங்க சொல்லாம விட்டது என் தப்பு" என்றாள்.

சின்னையன் ஐந்தாவது வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார். காளியாயியும் போய்விட்டாள். வள்ளிக்கண்ணு துணியைப் பிழிந்து வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கரண்டியைக் கழுவித் துடைத்து, தகரப்பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

மறுநாளிலிருந்து பழையபடி வேப்பமரத்தடி, கையில் சட்டி. பை லேசாக இருந்தது, அது அவளுக்குப் பிடிக்கவில்லை. நாலு நாள் நாலு கொத்தனாருக்குக் கலவை சுமந்தாள். அவர்களில் ஒருவனுக்குக் கலவையை இழுத்துச் சமப்படுத்துகிற மட்டப்பலகை பிடிக்கவே தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதுதான் அவளுக்குச் சட்டியை விடப் பாரமாக இருந்தது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. நால்ரோட்டில் அம்பாசடர் ஒன்று வந்து, ரோட்டுக்கு நடுவில் மாட்டுவண்டி போக வழியில்லாமல் நின்றது. பின்சீட்டிலிருந்து ஒரு பெண் குரல் கூப்பிட்டது.

"கொத்தனாரம்மா."

டீக்கடைப் பக்கம் ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேப்பமரத்தடியில் வள்ளிக்கண்ணுவும் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். குரல் மறுபடியும் வந்தது. பக்கத்தில் நின்றவள் முழங்கையால் இடித்து, "உன்னையத்தான்டி" என்றாள்.

காரிலிருந்து தலையை நீட்டியது காளியாயி. போன திங்கட்கிழமை வரைக்கும் இவளை வா, போ என்றவள். "மாடிக்கு நீங்கதான் தரை போடணும். பழத்தை வச்சது நான்தானே, அவர்கிட்ட சொல்லிட்டேன். ஏறுங்க" என்றாள்.

வள்ளிக்கண்ணு சட்டியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். காரில் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்தான்.

"முதல்ல எங்க வீட்டுக்குப் போவணுங்க. கரண்டி அங்க இருக்கு" என்றாள்.