ஒரு வீட்டுக்கு நான்கு வங்கிகள்

வீடு வாங்க நினைத்த வருடம் என் கணவர் கல்யாணச் சட்டையை மறுபடி வெளியே எடுத்தார். வங்கிக்குப் போகும் நாட்களில் மட்டும் அதைப் போட்டுக்கொள்வார். கழுத்துப் பொத்தான் இறுக்கும். கழற்றச் சொன்னால் கேட்கமாட்டார்.

நான் பதுளையில் ஒரு பாடசாலையில் ஆசிரியை. அவர் வெலிமடையிலிருந்து கறட்டும் லீக்ஸும் ஏற்றிப்போகும் லொறி வைத்திருந்தார். லீசிங்கில் எடுத்த லொறி. இருவரும் கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்கள். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். எங்கள் இரண்டு குடும்பங்களிலும் காணி உறுதிப் பத்திரத்தைத் தங்கள் பெயரில் பார்த்தவர்கள் யாரும் கிடையாது.

நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவின் மேல் முனையில் ஒரு சிறிய வீடு விலைக்கு வந்தது. வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தவர், அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமானபின் தனியாக இருந்தார். ஊருக்குப் போய்த் தங்கையோடு இருக்கப்போவதாகச் சொன்னார். அவர் கேட்ட விலை நியாயமானதுதான். வீட்டையே ஈடாக வைத்துக் கடன் எடுத்தால் எங்களால் கட்டிவிட முடியும்.

சந்தையில் மூட்டையை இறக்குமுன் நாலு வியாபாரிகளிடம் விலை கேட்பது என் கணவரின் வழக்கம். வட்டியையும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. பாடசாலை விடுமுறை நாட்களில் ஒவ்வொரு வங்கியாக ஏறி இறங்கினோம். என் சம்பளச் சிலிப், லொறிப் பத்திரங்கள், வீட்டு உறுதியின் பிரதி எல்லாம் ஒரே பையில். கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டோம்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் கடன் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஒவ்வொரு வங்கியிலிருந்து வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் ரோல்ஸும் பிளேன்டீயும் வாங்கித் தருவார். மேசையில் விரலாலேயே வீட்டை வரைவார். இங்கே அடுப்படியைப் பெரிதாக்கலாம், அங்கே உனக்குப் புத்தக அலமாரி என்று. கல்யாணமாகி அவ்வளவு நேரம் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியது அப்போதுதான்.

நான்காவது வங்கியில்தான் வட்டி குறைவு. அங்கே கடன் பிரிவில் இருந்த பெண் எங்கள் ஊருக்கு அடுத்த பெரகலப் பக்கம் பிறந்தவள். எங்கள் பேச்சைக் கேட்டதும் சிரித்தாள். கணினியைப் பார்த்ததும் சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது.

"டீச்சர், வேற எங்கயும் லோன் போட்டீங்களா?"

"இல்லம்மா. மூணு இடத்துல சும்மா கேட்டுப் பாத்தோம்."

"சும்மா கேட்டதில்ல டீச்சர். கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதனால அவங்க எல்லாம் உங்க கடன் அறிக்கையை எடுத்துப் பாத்திருக்காங்க. எந்த பேங்க் பாத்தாலும் இதுல பதிஞ்சிரும். அதுல, கடன் குடுக்கலாமான்னு பாக்குற உங்க புள்ளி கொஞ்சம் இறங்கியிருக்கு."

என் கணவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "நாங்க ஒரு சதம் வாங்கலியேம்மா! கேக்குறதே குத்தமா?"

"குத்தம் இல்லண்ணே. ஒரு தடவ ரெண்டு தடவன்னா பெருசா தெரியாது. கிட்டக் கிட்ட இத்தன பேரு பாத்திருந்தா, இவங்களுக்கு என்னமோ அவசரம், மத்த எடத்துல குடுக்கலன்னு மேல உள்ளவங்க நெனப்பாங்க."

எனக்கு முகம் சுட்டது. லொறித் தவணையை ஒரு மாதம்கூடப் பிந்தாமல் கட்டியவர்கள் நாங்கள். அவளுக்கும் அது தெரிந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இப்ப போட்டா திருப்பி அனுப்பிருவாங்க. கொஞ்ச மாசம் பொறுங்க. வேற எங்கயும் கையெழுத்துப் போடாதீங்க. தவணைய ஒழுங்கா கட்டுங்க. புள்ளி தானா ஏறும். உங்க அறிக்கைய நீங்களே எடுத்துப் பாத்தா ஒண்ணும் இறங்காது, பயப்படாதீங்க."

அன்று ரோல்ஸ் கடைக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்காரரிடம் போனோம். அவர் வேறு ஆளுக்குக் கொடுத்தாலும் தப்புச் சொல்ல முடியாது. என் கணவர் தொடங்கிவிட்டு நிறுத்த, நான்தான் முழுவதையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நாலு கடையில விலை கேட்டதுக்கு இந்தத் தண்டனையோ?"

"ஆமாங்கய்யா. தெரியாம போச்சு."

"சரி பிள்ளை, நான் பொறுக்கிறன். தங்கச்சியிட்ட மழை முடியட்டும் எண்டு சொல்லுறன். எனக்கும் இந்த வீட்டை விட்டுப் போக அவ்வளவு அவசரமில்லை."

அந்த மழைக்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் அவர் வீட்டில் ஒன்றாகச் சாப்பிட்டோம். அவர் தேங்காய்ப்பால் சொதி வைப்பார்; நான் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் கொண்டுபோவேன். என் கணவர் கூரையில் ஏறி ஒழுக்கை அடைத்தார். "இன்னும் உம்மட வீடில்லைத் தம்பி, விழுந்தால் பொறுப்பு எனக்கு" என்று கீழே நின்று சத்தம் போடுவார் அவர். தன் மனைவி எந்த ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருப்பாள், எந்தச் சுவரின் நிறம் அவளுக்குப் பிடிக்கவேயில்லை என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியவந்தது. ஒரு வீட்டை வாங்குமுன் அதன் மனிதரை இவ்வளவு தெரிந்துகொள்ளும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

மழை விட்டபின் ஒரே ஒரு வங்கிக்கு, அந்தப் பெண்ணிடமே போனோம். புள்ளி பழைய இடத்துக்கு வந்திருந்தது. நாங்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவாகத்தான் கடன் தந்தார்கள். மிச்சத்துக்கு என் சங்கிலி போனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

வீட்டுக்கார ஐயாவின் சாமான்களை எங்கள் லொறியிலேயே ஏற்றினோம். முன்னிருக்கையில் நான் நடுவில், அவர் ஜன்னலோரம். மலை இறங்கும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, இந்தக் குளிர் இனி இல்லையே என்றார். யாழ்ப்பாணத்தில் அவருடைய தங்கை வேலிப் படலையிலேயே நின்றிருந்தார். எங்களை இரண்டு நாள் போகவிடவில்லை. விடைபெறும்போது ஐயா என் கணவரின் கையைப் பிடித்தபடி, "வீட்டைப் பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னார். வழியெல்லாம் என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார், தூசி என்றார்.

இப்போது பாடசாலையில் யாராவது வீட்டுக்கடன் பற்றிக் கேட்டால், முதலில் வட்டியை வாய்ப்பேச்சாக விசாரியுங்கள், முடிவு செய்த இடத்தில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள் என்கிறேன். எவரும் சொல்லித்தராததை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். ஆனால் அந்தத் தாமதம் இல்லாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளும் இருந்திருக்காது.

கடன் இன்னும் முடியவில்லை. உறுதியில் எங்கள் பெயர்தான் இருக்கிறது. ஆனாலும் லொறிக்காரர்களுக்கு வழி சொல்லும்போது என் கணவர் இன்றைக்கும் "ஐயா வீட்டுக்கு வாங்க" என்றுதான் சொல்கிறார்.