காலண்டருக்கு ஒரு வெயில் படம்

மலையைப் படம் எடுக்கும் தொழிலில் பாதி வேலை சும்மா நிற்பது. மீதி வேலை, ஏன் நிற்கிறாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது. கேமராவைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறியவர்களுக்கு இது தெரியும்.

எனக்குக் குன்னூரில் சின்ன ஸ்டுடியோ. பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, கல்யாணம், அவ்வளவுதான். எங்கள் ஊர் டீத்தூள் கம்பெனி முதலாளி வருஷா வருஷம் காலண்டர் போடுவார். போன வருஷம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் காரிலேயே சுற்றி எடுத்த படங்களில் மலைக்கு முன்னால் கரண்டுக் கம்பி. அதனால் இந்த வருஷம் என்னைக் கூப்பிட்டார். "நடந்து போய் எடுங்க. முன்பக்கத்துக்கு மட்டும் பளிச்சுனு வெயில் அடிக்கிற தேயிலை வேணும். அது இல்லீன்னா பழைய ஆளையே கூப்பிட்டுக்குவனுங்க" என்றார்.

பாஸ்போர்ட் சைஸை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? ஒப்புக்கொண்டேன். டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் என் நாத்தனார் செல்வி, கேமரா ஸ்டாண்டைத் தூக்கிவர லீவு போட்டாள். குன்னூரிலிருந்து தேவர்சோலை வரைக்கும் நடை.

கேத்தியில் கேரட்

பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. படம் என்று பேருக்கு நாலு எடுத்துவிட்டு, விலகும் விலகும் என்று நின்றோம். ஒரு விவசாயி வந்தார். "ஏனுங்க, நஷ்டஈட்டுக்குப் படம் எடுக்க வந்தீங்களா?" மலையை எடுக்க வந்தேன் என்றதை அவர் காதில் வாங்கவே இல்லை. காட்டுப்பன்றி கிளறிப்போட்ட பாத்திக்குக் கூட்டிக்கொண்டு போனார். குனிந்து நின்று எல்லாப் பக்கமும் எடுத்து அவர் போனுக்கு அனுப்பி முடிக்கும்போது, மேலே ஒரு நிமிஷம் வெயில் அடித்து மறைந்துவிட்டது.

போச்சே என்று நான் புலம்பியதைக் கேட்டு அவர் சொன்னார்: "மலை நாளைக்கும் இங்கயேதானுங்க நிக்கும். என்ற கேரட்டு நிக்குமா?"

வழியில் நின்றவர்

நான் எதற்கும் பயப்படுகிறவள். தலைவலி மாத்திரை, அட்டைப்பூச்சிக்கு உப்பு, உபரி பேட்டரி எல்லாம் பையில் இருந்தன. காட்டெருமைக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அது கன்றோடு எஸ்டேட் பாதையின் நடுவில் நின்றது. நாங்கள் சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றோம். அந்த நேரம் பார்த்தா வெயில் வரவேண்டும்? தேயிலை தகதகவென்று இருந்தது. கேமரா சத்தத்தில் அது திரும்பினால் என்ன செய்வது என்று நான் கையையே தூக்கவில்லை. அது போனது, கூடவே வெயிலும் போனது.

செல்வி மெதுவாகச் சொன்னாள்: "எடுத்திருக்கலாம் அண்ணி. எருமைய மட்டும் கண்டுக்காதீங்கன்னு முதலாளிகிட்ட சொல்லியிருக்கலாம்."

லயத்தில் ஒதுங்கியது

கூடலூர் பக்கம் இறங்கியதும் மழை. எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் ஒதுங்கினோம். பார்வதி அக்கா என்று பெயர். சிறு வயதில் சிலோனிலிருந்து வந்தவர். ஸ்டுடியோக்காரி என்று தெரிந்ததும் லயமே திரண்டுவிட்டது. சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பள்ளிக்கூடத்துக்கு, பேங்குக்கு என்று வரிசையாக உட்காரவைத்து எடுத்தேன். ஸ்டுடியோவை விட்டு வந்தும் பாஸ்போர்ட் சைஸ் என்னை விடவில்லை.

நடுநடுவே வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தேன். வெயில் எப்போது வரும் அக்கா என்று எத்தனை தரம் கேட்டேனோ, அவருக்கே சலித்துவிட்டது. "இந்த மாசத்துல வெயில் கேட்டா யாரு குடுப்பா? தேத்தண்ணி கேளுங்க, தாரேன்."

தேவர்சோலையில் கிடைத்தது

கடைசி நாள் சாயங்காலம், நம்பிக்கை எல்லாம் போன பிறகு, பனி விலகியது. மழையில் கழுவிய சரிவு முழுக்க மஞ்சள் வெயில். கம்பி இல்லை, கூரை இல்லை, எருமை இல்லை. வெளிச்சம் போகும்வரை எடுத்தேன். பிறகு படம் பதிந்ததா, பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

செல்வி பொறுத்துப் பார்த்தாள். "அதான் எடுத்தாச்சுல்ல? தொட்டுத் தொட்டுப் பாக்காம ரோட்டப் பாத்து நடங்க, அண்ணி."

முதலாளியின் மேஜையில்

முதலாளி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். "இது என்ற மச்சான் தோட்டமுங்க" என்றார். மனைவியின் அண்ணன்; பாகப்பிரிவினைக் கேஸ் நடக்கிறது; நல்லது கெட்டதுக்குக்கூடப் பேச்சு இல்லை. அந்தத் தோட்டத்தைக் காலண்டரில் போட்டு ஊரெல்லாம் மாட்ட முடியுமா?

வேறு வெயில் படம் இல்லைங்க என்று சொல்லிவிட்டேன். அவர் மற்றதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பனி, பனி, பனி. கோயம்புத்தூர்க்காரர் காரை எடுத்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டேன். கேத்தியில் எடுத்த படத்தில் அவர் கை நின்றது.

"இதையே முன்னால போட்டுருங்க. பனிக்குள்ள இருக்கறது யார் தோட்டம்னு எவனும் கேக்க மாட்டான். அடுத்த வருசமும் நீங்களே போயிட்டு வாங்க."

பனி விலகட்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. அதில் முக்கால்வாசி சாமிகள் காது கொடுக்காமல் இருந்ததால்தான் இந்தக் காலண்டர் வேலை இன்னும் என் கையில் இருக்கிறது.