உள்பக்க பேட் மட்டும் தேய்ந்த குட்டியானை

என் முதல் வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கின குட்டியானை மினி லாரி, நாலே மாதத்தில் கையை விட்டுப் போனது.

கருகின ரப்பர் மாதிரி ஒரு வாடை... இப்போதும் மூக்கில் நிற்கிறது.

சேலையூரில் அரிசிக்கடை போட்ட புதிது. பள்ளிக்கரணையில் ஒரு ஹாஸ்டலுக்கு வாராவாரம் அரிசி இறக்கும் ஆர்டர் கிடைத்திருந்தது. அதை நம்பித்தான் கடை. அதற்காகத்தான் வண்டி.

பிரேக் அடித்தால் வண்டி இடதுபக்கம் இழுக்கும், அந்த வாடையும் வரும். மெக்கானிக் பாபு முன்சக்கரத்தைக் கழற்றினார். உள்பக்க பிரேக் பேட் இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது. வெளிப்பக்க பேட் அப்படியே புதுசு.

"இன்னாண்ணா, உன் டிரைவர் பிரேக் மேல காலை வச்சிகினு தூங்குறானா?"

டிரைவர் செல்வத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்டீன்னா நாலு பேடும்ல தேயணும்? இது ஒண்ணு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

பாபு சிரித்துக்கொண்டே, பேட்களை அழுத்திப் பிடிக்கிற காலிபரை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அது நகர்கிற சின்னக் கம்பி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. தேய்த்து, கிரீஸ் வைத்து, புது பேட் போட்டோம். அப்பாடா என்றிருந்தது...

மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. அதே சக்கரம், அதே வாடை. செல்வம் பிரேக் அடித்ததும் வண்டி, கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் நின்ற ஸ்கூல் பிள்ளைகள் பக்கமாக இழுத்துக்கொண்டு போய், ஒரு முழம் தள்ளி நின்றது. செல்வம் கடைக்கு வந்து சாவியை என் கையில் வைத்தான்.

"மொதலாளி, இனிமேட்டு இத நான் தொட மாட்டேன்."

பாபு இந்த முறை வண்டிக்கு அடியில் படுத்து வெகுநேரம் பார்த்தார். காலிபர் மாட்டுகிற இடமே வளைந்திருந்தது.

"அத மாத்திடலாம்ல?" என்றேன்.

"மாத்தலாம்ணா. எதுல மாட்றது? வண்டியோட அடிச்சட்டம், சேசிஸே வெட்டி ஒட்டினது. உள்ள ஃபுல்லா துரு. வெள்ளத்துல நின்ன வண்டிய உன் தலைல கட்டிட்டானுங்க."

அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஹாஸ்டல் ஆர்டர் அந்த வாரமே வேறு கடைக்குப் போனது.

பழைய வண்டி புரோக்கர் ஒருவர் வந்தார். "புது பேட் போட்டு ஒரு வாட்டர் வாஷ் வுட்டுக் குடு. ஒரு மாசம் ஓடும். அப்புறம் வாங்குனவன் பாடு."

நானும் வியாபாரிதான். அவர் சொன்ன கணக்கு புரியாமல் இல்லை. ஆனால் செல்வம் சொன்ன அந்தப் பிள்ளைகள் கண்ணிலேயே நின்றார்கள்.

இன்று மூன்று வண்டி வைத்திருக்கிறேன். வாங்கும்முன் நானே அடியில் படுத்துப் பார்க்கிறேன். ஆனால் அந்த முதல் வண்டிக்கு மாலை போட்டபோது இருந்த நம்பிக்கை... அது எந்த வண்டியோடும் திரும்பி வரவில்லை.

அன்று பெருங்களத்தூர் பழைய இரும்புக்காரரிடம் பேசி முடித்தது இவ்வளவுதான்: எடை போட்டு இரும்பு விலை. ஆர்சி புக்கை ரத்து செய்துவிட வேண்டும். சேசிஸை என் கண்முன்னாலேயே இரண்டாக வெட்ட வேண்டும்.