விரதக்காரத் தம்பையா

கோழிகள் கூடடையும் முன்பே தம்பையா வீட்டுக்குள் போய்விடுவார். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், சுருவில் என்ற ஊரின் சந்தியில் சைக்கிள் திருத்தும் கொட்டில் அவருடையது. வெயில் சரியத் தொடங்கியதும் யாருடைய சைக்கிள் எந்த நிலையில் கிடந்தாலும் சரி, தட்டியை இழுத்துக் கட்டிவிடுவார். கழற்றிய சில்லைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சிப் பார்த்தவர்கள் உண்டு.

"அண்ணை, இன்னும் ஒரு கம்பிதானே!"

"ஒரு கம்பியெண்டாலும் நாளைக்குத்தான், தம்பி. எனக்கு நேரம் போட்டுது."

எதற்கு நேரம் என்று அவர் சொன்னதில்லை. ஊர்தான் சொல்லிக்கொண்டது. இரவுத் திருவிழாவுக்கு வராதவர், கலியாண வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு இருக்காதவர், பொழுதுபட்டபின் வாசற்படலை தாண்டாதவர். இது ஏதோ கடும் விரதம்தான் என்று முடிவாயிற்று. நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி என்று ஒருவர் தொடங்க, இரவில் மௌனமும் காக்கிறார் என்று இன்னொருவர் ஒரு படி ஏற்றிவிட்டார். தம்பையா மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பது பொய் சொல்வதாகாதே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

உண்மை வேறு. இருட்டினால் அவருக்கு ஒன்றும் தெரியாது. பகலிலும் நேரே பார்க்கிற இடம் மட்டும்தான். அந்த இடத்துக்குள் அவரை மிஞ்ச ஆளில்லை. ரியூப்பில் ஊசிமுனை ஓட்டையையும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் காலடியில் விழுந்த நட்டு போனது போனதுதான். அதனால்தான் நட்டுச் சாவி, குறடு எல்லாவற்றையும் கயிற்றில் கட்டி முகத்துக்கு நேரே தொங்கவிட்டிருக்கிறார். "என்ன ஒழுங்கான மனிசன்!" என்று ஊர் அதையும் விரதக் கணக்கிலேயே சேர்த்தது. வழியில் படுத்திருக்கும் ஆட்டில் தடுக்கினால் முதல் ஏச்சு ஆட்டுக்கு, அடுத்தது ஆட்டுக்காரருக்கு. "மனிசர் நடக்கிற இடத்திலையே ஆட்டைக் கட்டுறது?" விரதக்காரர் வாயால் வாங்கிய ஏச்சு என்று ஆட்டுக்காரரும் பணிவாகக் கேட்டுக்கொள்வார்.

மனைவி அம்பிகைக்கு எல்லாம் தெரியும். வெளியே போனால் அவள் ஓர் எட்டு முன்னால் நடப்பாள். படி வந்தால் இருமுவாள். ஊரில் அவளுக்குத் தீராத நெஞ்சுச்சளி என்று பெயர்.

தகப்பனுக்கும் இதே கண்தான். மாலைக்கண் என்று சொல்லி முருங்கையிலை தின்றே காலத்தைக் கழித்தார். தம்பையாவும் வளவு முருங்கையை மொட்டையாக்கிப் பார்த்தார். மரம்தான் மெலிந்தது. சென்ற வருடம் தீவுக்கு வந்த கண் முகாமில் நிலாந்தி என்ற இளம் டொக்டர் அவர் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்துவிட்டு, இது சத்துக் குறைவு இல்லை, விழித்திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதுபடும் அபூர்வமான பரம்பரை நோய் என்றாள். இந்த நோய் உள்ள குடும்பங்களைத்தான் அவள் ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

அவள் சோதனைக்குக் கூப்பிட, சைக்கிள் சாமான் எடுக்கப் போவதாக ஊரில் சொல்லி யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். கருவி ஒவ்வொரு தடவையும் 'டிக்' என்றது. தம்பையா ஒவ்வொரு 'டிக்'குக்கும் தவறாமல் அமுக்கினார்.

"ஐயா, இப்ப வெளிச்சமே வரேல்லை. சத்தம் மட்டும்தான் வந்தது. நீங்கள் அமத்துறியள்," என்றாள் நிலாந்தி.

அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. பிறகு சிரித்துவிட்டார். "இவ்வளவு காலமும் இப்பிடித்தான் பிள்ளை சமாளிச்சனான்."

"இஞ்சை சமாளிக்கத் தேவையில்லை ஐயா. தெரியாததைத் தெரியாதெண்டு விட்டால்தான் எங்களுக்கு உதவி."

அடுத்து இருட்டறைச் சோதனை. "இருட்டுக்குள்ளை இருத்திப்போட்டு என்ன தெரியுது எண்டு கேக்கினம். இருட்டுத்தான் தெரியுது எண்டனான்," என்று வீட்டுக்கு வந்து அம்பிகையிடம் சொன்னார். மற்றதைச் சொல்ல இரண்டு நாள் எடுத்தது. மருந்து இன்னும் இல்லை. அவருடைய தாயும் தகப்பனும் சொந்த மச்சான் மச்சாள் என்பதால் இரண்டு பக்கத்துப் பழுதும் அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மகள் கஜனியின் கண் நல்ல கண். ஆனால் பழுது அவளுக்குள் ஒளிந்திருக்கிறது. கட்டுகிறவனிடமும் அதே பழுது இருந்தால்தான் பேரப்பிள்ளைகளுக்கு வரும். அவனுடைய இரத்தத்தைச் சோதித்து அறியலாம். இதை வெளியே சொல்வதும் விடுவதும் தம்பையா குடும்பத்தின் விருப்பம் என்று நிலாந்தி சொல்லிவிட்டாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் காரைநகரிலிருந்து ஜதுர்சன் என்ற பெடியனுக்குக் கஜனியைப் பெண் கேட்டு ஆள் வந்தது. விரதக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதே அவர்களுக்குப் பெரிய தகுதி.

"தாலி ஏறும் மட்டும் வாயைத் திறவாதேங்கோ. கண் வருத்தக் குடும்பமெண்டு பேர் வந்தால் இவளை ஆர் கேப்பினம்?" என்றாள் அம்பிகை. அவள் பயந்ததில் பிழையில்லை. அவருக்கும் அதே பயம்தான், மகள் என்றால் அவருக்கு உயிர். "உங்களுக்குச் சரியெண்டு படுறதைச் செய்யுங்கோ அப்பா," என்று கஜனி சொன்னது பாரத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இருந்தார்கள். ஜதுர்சனின் தாய் சறோஜினிதேவியின் குரல் அவருக்கு இடப்பக்கத்திலிருந்து வந்தது. ஆளைத் தெரியவில்லை.

"அண்ணை, உங்கட விரதத்தைப் பற்றிக் காரைநகர் வரைக்கும் கதைக்கினம். அப்பிடிப்பட்ட வீட்டிலை பொம்பிளை எடுக்கிறது எங்களுக்குப் பெருமை."

படி எதுவும் இல்லாத இடத்தில் அம்பிகை இருமினாள்.

"நயினாதீவு அம்மாளின்ரை பேரிலை ஒரு பொய் நடக்குது, தங்கச்சி," என்றார் தம்பையா. "அது விரதமில்லை. எனக்கு இரவிலை கண் தெரியாது. பகலிலையும் நடுவிலை இவ்வளவுதான்." பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிக் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். "பரம்பரை வருத்தம். பிள்ளைக்குக் கண்ணிலை இல்லை, ரத்தத்திலை இருக்கு. உங்கட பெடியனிட்டையும் இருந்தால் பேரப்பிள்ளையளுக்கு வரலாம். விரும்பினால் சோதிச்சுப் பாக்கலாம். வேண்டாமெண்டாலும் நான் கோவிக்கமாட்டன்."

கதிரை ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. போக எழும்பிவிட்டார்கள் என்று நினைத்தார். வளையம் பிடித்த கையை இறக்கத் தோன்றவில்லை.

அந்த வளையத்துக்குள் சறோஜினிதேவி வந்தார். கதிரையைத் தம்பையாவுக்கு நேர் எதிரே போட்டு, சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, அமர்ந்தார்.